எந்தத் தீவு என்பதற்கு முன் எந்த மாதம் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சாகசம் பிடித்த தம்பதியர் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் செய்ய எங்கே போகலாம் என்று வந்திருந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அந்தமான், மாலத்தீவு, பாலி என்று படங்கள் அத்தனையும் அழகு. அதைப் படித்துவிட்டு என் அண்ணன் மகள் அன்று மாலையே போன் செய்தாள். அவளுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. இரண்டு பேரும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஜூலை மூன்றாவது வாரம் மட்டும். "அத்தை, அந்தமானா மாலத்தீவா? நீங்க சொல்ற இடத்துக்கு இன்னைக்கே டிக்கெட் போட்டுடறோம்" என்றாள். நானும் என் கணவரும் 2017 முதல் டைவிங் போகிறோம். அதனால்தான் கேள்வி என்னிடம் வந்தது.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். கட்டுரையில் ஓட்டல் அறை இருந்தது, விமானக் கட்டணம் இருந்தது, சூரிய அஸ்தமனம்கூட இருந்தது. எந்த ஊருக்கு எந்த மாதம் போக வேண்டும் என்பது மட்டும் இல்லை. கடைசியாகத் தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு விமானம் ஏற எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் பணம் கட்டுகிறவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். நாங்களே அப்படிப் போனவர்கள்தான்.

முதலில் மாதம். நான் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். இரண்டு பருவக்காற்றுகளையும் வருஷா வருஷம் கரும்பலகையில் அம்பு போட்டுக் காட்டுகிறேன். அந்த அம்புகள்தான் டைவிங்கையும் தீர்மானிக்கின்றன. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானை நேராகத் தாக்கும். மழை, அலை, கலங்கிய தண்ணீர், படகு போகுமா போகாதா என்று கரையில் காத்துக் கிடப்பது. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அதே கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஜூலையில் அந்தமானுக்கு அறை மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான்.

தாய்லாந்தின் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவு வரை மூடியே வைத்துவிடுகிறார்கள். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளுக்குக் கணக்கு நேர் எதிர்: மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை நல்லது, வடகிழக்குப் பருவக்காற்றில் அங்கே கடைகளையே சாத்திவிடுவார்கள். மாலத்தீவில் வருஷம் முழுக்க டைவிங் உண்டு. தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்தில் திமிங்கலச் சுறாவை எந்த மாதமும் தேடிப் போகலாம். ஹனிஃபாரு விரிகுடாவில் மே முதல் நவம்பர் வரை மேண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். ஆனால் அங்கே சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்க அனுமதி இல்லை, மேலே மிதந்தபடி ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாயோடுதான் பார்க்க முடியும். இது தெரியாமல் ஸ்கூபா செட் வாடகைக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

பாலி என்றால் வெதுவெதுப்பான கடல் என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். துலாம்பென் பக்கம் அது சரி. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுக் கரை ஒதுங்கி, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்த லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல் கரையிலிருந்து நடந்து இறங்கும் தூரத்தில் கிடக்கிறது. ஆனால் அதே பாலிக்கு எதிரே இருக்கும் நுசா பெனிடாவில், ஜூலை முதல் அக்டோபர் வரை ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். 20 டிகிரிக்கும் கீழே போவது உண்டு. பெரிய சூரியமீனைப் பார்க்க அந்தக் குளிரைத் தேடியே ஆட்கள் போகிறார்கள். மெல்லிய உடையோடு போன நம் ஊர் ஜோடி அங்கே பத்து நிமிஷத்தில் பல் கிட்டி மேலே வந்துவிடும். 28 டிகிரி நீரிலேயே இரண்டாவது டைவில் எனக்கு நடுக்கம் வரும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான கடலுக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவிங் உடை வேண்டும் என்று அதனால்தான் சொல்கிறார்கள்.

சரி, ஜூலைக்கு எந்த ஊர்? நான் சொன்னது திருகோணமலை. தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்கும்; ஹிக்கடுவ, உனவட்டுன பக்கமெல்லாம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும்தான். ஆனால் தீவின் நிலமே கிழக்குக் கரைக்கு மறைப்பாக நிற்கும். மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றைப் பற்றி எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிலாவெளியிலும் படகுக்காரர் அதே பெயரைத்தான் சொன்னார். "கச்சான் அடிச்சாலும் இங்க காலையில கடல் நல்லாத்தான் கிடக்கும், அம்மா" என்றார். டைவிங் சொல்லிக்கொடுப்பவர் எப்படி மூச்சு விட வேண்டும், எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று நம் மொழியிலேயே விளக்கினால், முதல்முறை இறங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

புறாத் தீவு நிலாவெளியிலிருந்து படகில் சிறிது நேரம். ஆழம் குறைந்த இடத்திலேயே கருமுனைச் சுறாக்கள் சுற்றும். அவற்றின் துடுப்பு முனையில் மை தொட்டு வைத்தது போல இருக்கும். அவை நம்மைப் பார்த்தால் விலகித்தான் போகின்றன. நாங்கள் 2023 ஆகஸ்டில் போனோம். என் டைவ் கம்ப்யூட்டர் 29 டிகிரி காட்டியது. ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் நின்றது திருகோணமலைக் கடலோரத்தில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரம். மேலே கோணேஸ்வரம், சம்பந்தரின் பாடல் பெற்ற தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் டைவிங் கூட்டாளியான மைக் வில்சன் அதன் இடிபாடுகளைக் கடலடியில் கண்டார். நாங்கள் பாறையை ஒட்டி மெதுவாக இறங்கினோம். தரையில் கிடந்த ஒரு நீளக் கல்லை முதலில் பாறை என்றே நினைத்தேன். கடற்பஞ்சும் சிப்பியும் மூடியிருந்தன. கொஞ்சம் கிட்டே போனதும் ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. உளி பட்ட கல். என் கணவர் கையை நெஞ்சில் வைத்தார். நாங்கள் தொடவில்லை. ஒரு சின்ன மீன் அந்த விளிம்பை ஒட்டி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியவில்லை. காற்று எவ்வளவு மிச்சம் என்று பயிற்சியாளர் கேட்டபோதுதான் நினைவு வந்தது.

இதைக் கேட்டதும் மாப்பிள்ளை போனை வாங்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்ம்ஸ் கப்பல் இருக்கிறதாமே, அதற்குப் போகலாமா என்று கேட்டார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அது ஏறக்குறைய 53 மீட்டரில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். முதல் சான்றிதழான ஓப்பன் வாட்டர் வைத்திருப்பவருக்கு 18 மீட்டர், அடுத்த படிக்கு 30. சான்றிதழே இல்லாமல் ஒரு நாள் ருசி பார்க்கும் டைவுக்கு 12. ஹெர்ம்ஸுக்குப் போகிறவர்கள் வேறு வாயுக் கலவைகளோடு, வருஷக்கணக்கில் பழகிவிட்டுப் போகிறவர்கள். "மாப்பிள்ளை, அது அங்கேயேதான் இருக்கும். நீங்க முதல்ல பதினெட்டைப் பாருங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

அந்தச் சான்றிதழை இங்கேயே எடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். நாங்கள் 2018 மே விடுமுறையில் புதுச்சேரியில் நான்கு நாள் தங்கிப் படித்தோம். முதலில் புத்தகமும் வீடியோவும், அப்புறம் நீச்சல் குளம், கடைசியாகக் கடலில் நான்கு டைவ். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும். ஆளுக்கு ரூ.25,000 பக்கம் ஆனது. விடுமுறைக்குப் போன இடத்தில் போய்ப் படித்தால் ஐந்து நாளில் மூன்று நாள் வகுப்பிலேயே போய்விடும். புதுச்சேரித் தண்ணீர் எப்போதும் தெளிவாக இருக்காது என்று குறை சொல்வார்கள். எங்களுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. கலங்கலில் பழகியவருக்கு நிலாவெளி பகல் வெளிச்சம் மாதிரி.

மாஸ்க் பயிற்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், புதியவர்களில் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். குளத்தின் அடியில் முழங்காலிட்டு, மாஸ்க்கின் மேல் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி, தண்ணீரை உள்ளே விட வேண்டும். கண்ணுக்குள், மூக்குக்குள் தண்ணீர். வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் சிலிண்டரிலிருந்து காற்று தந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் உடம்பு நம்பாது. எழுந்து ஓடு என்று சொல்லும். அப்போது தலையை அண்ணாந்து, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் நிதானமாக ஊத வேண்டும். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறி, குளத்தின் நீல ஓடுகள் திரும்பவும் தெளிவாகத் தெரியும். எனக்கு நாலாவது முயற்சியில் வந்தது. அது வரும் வரை பயிற்சியாளர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு எதிரிலேயே இருந்தார். இந்த ஒன்றைக் குளத்தில் பழகாமல், முப்பது பேர் வரிசையில் நிற்கும் கடற்கரையில் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துக் கடலில் இறக்குவது எனக்குச் சம்மதமே இல்லை.

இனி இரண்டாவது விஷயம், கடைசி நாள். 2017 ஜனவரியில் நாங்கள் அந்தமான் போனது ஒரு டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டப்படி. அப்போது எங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. ஹேவ்லாக்கில், இப்போது ஸ்வராஜ் தீவு என்கிறார்கள், ஒரு ருசி டைவ். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போர்ட் பிளேர் எதிரே வட விரிகுடாவில் இன்னொன்று. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னையும் கலங்கரை விளக்கமுமாக இருக்கும் அதே இடம்தான். அன்று மதியம் ஒன்றரைக்குச் சென்னை விமானம். எங்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஹேவ்லாக்கில் டைவ் முடிந்து உடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் தற்செயலாக, "அக்கா, எப்போ ஃபிளைட்?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டார். "வட விரிகுடாவுல இறங்காதீங்க. ஒரே ஒரு டைவ்னாலும் பன்னிரண்டு மணி நேரம் விடணும். தொடர்ந்து பல நாள், பல டைவ்னா பதினெட்டு."

ஏன் என்று அவர் விளக்கினார். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றால், மூச்சு வழியாகத் தானாக வெளியேறும். முழுக்க வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால் அங்கே அழுத்தம் இன்னும் குறைகிறது; மிச்சம் இருக்கும் வாயு உடம்புக்குள்ளேயே குமிழி விடும். அவர் பேசப் பேச எனக்கு எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போன ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார். நான் கல்லூரியில் படித்த காலம். சிலிண்டர் கட்டி ஆழத்துக்குப் போனவர், ஏதோ அவசரத்தில் சட்டென்று மேலே வந்திருக்கிறார். அன்று மாலை வீட்டு வாசலில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் ஆயுள் முழுக்க இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். கடல் அடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, தடுக்க வழியும் உண்டு என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஹேவ்லாக் கடற்கரையில்தான் தெரிந்தது.

நாங்கள் வட விரிகுடாவுக்குப் போகாமல் அந்தக் காலையைச் செல்லுலார் சிறையில் கழித்தோம். டிராவல்ஸ்காரரிடம் போனில் கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் மேடம் போறாங்க, ஒண்ணும் ஆகலை" என்றார். பணம் திரும்பி வரவில்லை. பணம் பெரிதில்லை. நாங்கள் வராததால் காலியான இரண்டு இடத்தில் அன்று யார் இறங்கியிருப்பார்கள் என்ற எண்ணம்தான் இன்னும் உறுத்துகிறது.

விமானம் மட்டும் இல்லை, மலையும் அப்படித்தான். அண்ணன் மகள் போட்டிருந்த முதல் திட்டத்தில் மூன்று நாள் திருகோணமலையில் டைவிங், மறுநாள் விடிகாலை நுவரெலியா. நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேல். காரில் ஏறினாலும் அழுத்தம் குறைவது குறைவதுதான். அப்படியே மாற்றிப் போடச் சொன்னேன்: முதலில் மலை, பிறகு கடல், கடைசியில் ஒரு முழு நாள் தரையில்.

இன்னொன்று, எந்தச் சுற்றுலாக் கட்டுரையிலும் நான் பார்க்காதது. புதிதாகக் கல்யாணம் ஆன பெண்களுக்குச் சொல்ல வேண்டியது. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தாலும், குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலும் டைவிங் வேண்டாம். அழுத்தம் வயிற்றிலிருக்கும் சிசுவை என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது, அதனால் உலகம் முழுக்க வேண்டாம் என்றே சொல்கிறார்கள். டைவிங் கடைகளில் தரும் உடல்நிலைப் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கும். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது ஆபரேஷன் எல்லாம் இருக்கும். புருஷன் பக்கத்தில் நிற்கிறார், பின்னால் வரிசை காத்திருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்று என் அண்ணன் மகளிடம் தனியாகப் பேசினேன். சளி பிடித்திருந்தாலும் இறங்கக் கூடாது. மூக்கைப் பிடித்து ஊதியும் காது திறக்காவிட்டால் அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் பத்திரத்தையும் படிக்கச் சொன்னேன். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சேராது, சேர்ந்தாலும் இத்தனை மீட்டர் வரை, சான்றிதழ் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை இருக்கும். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைக் கூட்டிப் போகிறார் என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையே போதும், கடல் பார்த்த அறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கணவன் மனைவியாக டைவிங் போவதில் ஒரு தனி அழகு உண்டு. தண்ணீருக்குள் எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருவர் சிலிண்டரை மற்றவர் சரிபார்க்க வேண்டும், ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தர வேண்டும். எங்கள் ஊரில் முத்துக் குளித்த காலத்தில், மேலே படகில் கயிறு பிடிக்க மனைவியின் கூடப்பிறந்தவனைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். தங்கச்சியின் தாலி தன் கையில் இருக்கிறது என்று அவன் கண் இமைக்க மாட்டானாம். இன்று அந்தக் கயிறு ஒருவர் கையில் ஒருவருடையது. அதனால் ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர் சும்மா கூடப் போகிறார் என்றால் வேண்டாம். பயந்தவரைக் கட்டாயப்படுத்தி இறக்காதீர்கள். அவர் ஸ்நார்க்கல் போடட்டும், புறாத் தீவில் அதற்கே கண் நிறையும். பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டாம். எங்கள் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010லும் 2016லும் கடல் சூடாகி வெளுத்துப் போனதைப் பார்த்தவள் நான். நாம் விரும்புகிற வெதுவெதுப்பு இரண்டு டிகிரி கூடினால் அவற்றுக்கு உலை. அதோடு நம் காலும் சேர வேண்டாம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கட்டுரை வரும்போது ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் நல்ல மாதங்களைப் போடுங்கள். பன்னிரண்டு மணி, பதினெட்டு மணி என்ற அந்த இரண்டு எண்களையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

என் அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் மே மாதம் புதுச்சேரியில் வகுப்புக்குப் பதிந்துவிட்டார்கள். ஜூலையில் நுவரெலியா, பிறகு நிலாவெளியில் மூன்று நாள். கடைசி டைவ் சுவாமி மலைக்குக் கீழே. மறுநாள் முழுக்கத் தண்ணீர் கிடையாது; அன்று காலை அதே மலைமேல் ஏறிக் கோணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கொழும்புக்குக் காரில் புறப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தூத்துக்குடி.